ஹர்லிங் வீரர் ஷேன் ஓடானல் 19 வயதிலேயே எப்படி இவ்வளவு புகழ் பெற்றார்?

2013 செப்டம்பர் 28, சனிக்கிழமை மாலை. டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்தில் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்துக்கும் கார்க் மாவட்டத்துக்கும் அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதியாட்டம். ஆட்டம் தொடங்கி 19 நிமிடங்களுக்குள் ஷேன் ஓடானல் மூன்று கோல் அடித்துவிட்டார். கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

ஆனால் நான் குடியிருப்பது கிளேரில் உள்ள அவருடைய ஊரான என்னிஸில். இங்கே செவிலியராக வேலை பார்க்கிறேன். என் மகன் உள்ளூர்க் கிளப்பில் ஹர்லிங் ஆடுகிறான். இந்த ஊரில் அந்த மாலையைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. கேட்டுக் கேட்டு, பழைய ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எனக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு: ஒரு பக்கம் 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் செய்த மட்டை, அதன் அடிப்பக்கம் அகப்பை போல அகன்றிருக்கும். பந்து கைக்குள் அடங்கும், தோலுறை போட்டது. கம்பங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. கோலையும் புள்ளியையும் தனித்தனியாக எழுதுவார்கள். 3-3 என்றால் மூன்று கோல், மூன்று புள்ளி, கூட்டினால் 12. அன்றைக்கு ஓடானல் எடுத்தது அந்த 3-3தான்.

அன்று நடந்தது மறு ஆட்டம். முதல் இறுதியாட்டம் செப்டம்பர் 8ஆம் தேதியே நடந்து, சமனில் முடிந்திருந்தது. கிளேர் 0-25, கார்க் 3-16. கிளேர் கிட்டத்தட்ட ஆட்டம் முழுக்க நன்றாகத்தான் ஆடியது. ஆனாலும் கடைசி நேரத்தில் கார்க்கின் பேட்ரிக் ஹோர்கன் ஒரு புள்ளி எடுத்துத் தன் அணியை முன்னால் கொண்டுபோய்விட்டார். எல்லாம் போயிற்று என்று நினைத்த நேரத்தில் கிளேரின் தடுப்பாட்டக்காரர் டோனல் ஓடொனவன் மேலேறி வந்து அடித்த பந்து சட்டத்தைத் தாண்டியது. பெரிய போட்டிகளில் அவர் அதுவரை ஒரு புள்ளிகூட எடுத்தவர் இல்லை. அந்தப் பந்து கொஞ்சம் விலகிப் போயிருந்தால் ஓடானலின் கதையே கிடையாது. எங்கள் தெருவில் ஓடானல் பெயரைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஓடொனவன் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இரண்டு இறுதியாட்டங்களுக்கும் நடுவில், செப்டம்பர் 14 அன்று, 21 வயதுக்குட்பட்டோருக்கான அகில அயர்லாந்து இறுதியாட்டமும் இருந்தது. அதில் கிளேர், ஆன்ட்ரிம் அணியை 2-28க்கு 0-12 என்று அடித்து நொறுக்கியது. அந்த அணியிலும் ஓடானல் இருந்தார். ஒரே மாதத்தில் இரண்டு அகில அயர்லாந்துப் பதக்கம். இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று வருடம் அந்தக் கோப்பை கிளேருக்கே வந்தது. சிறு வயது முதலே ஒன்றாக ஆடி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்த வருடம் நாட்டின் சிறந்த வீரர் விருது, சிறந்த இளம் வீரர் விருது இரண்டையும் சேர்த்து வாங்கிய டோனி கெல்லிக்கும் அப்போது 19 வயதுதான்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். முதல் ஆட்டத்தில் முன்வரிசையில் இறங்கியவர் டாரா ஹோனன், நல்ல உயரமானவர். மறு ஆட்டத்திலும் அவர்தான் இறங்குவார் என்று நாடே நினைத்திருந்தது. பயிற்சியாளர் டேவி ஃபிட்ஸ்ஜெரால்ட், 1995இலும் 1997இலும் கிளேர் கோப்பை வென்றபோது கோல்காப்பாளராக நின்றவர். அவர் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் ஓடானலைக் கூப்பிட்டு, இன்றைக்கு நீ இறங்குகிறாய் என்று சொன்னார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் பையன் ராத்திரி தூங்கியிருக்க மாட்டான் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. முதல் ஆட்டத்தின் கணக்கைப் பாருங்கள்: கிளேர் 25 புள்ளி எடுத்தும் கோல் ஒன்றுகூட இல்லை. கார்க் மூன்று கோல் போட்டே சமன் செய்துவிட்டது. தேவைப்பட்டது கோல். பந்து கைக்கு வந்ததும் புள்ளிக்குத் தூக்கி அடிக்காமல் வலையை நோக்கி ஓடுகிற ஒருவர் வேண்டும். ஓடானலுடைய ஆட்டம் அப்படிப்பட்டது.

அந்த ஆட்டத்தின் பதிவைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருப்பது அவருடைய நிதானம். 80,000 பேருக்கு மேல் கூடியிருக்கும் அரங்கம். கிளேரின் முதன்மை அணியில் அவருக்கு அதுதான் முதல் வருடம். அவரைக் காவல் காக்க வந்தவர்களுக்கு இப்படி ஒருவர் இறங்குவார் என்றே தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது கோலுக்குப் பிறகு அரங்கத்தில் எழும் சத்தம் கத்தல் மாதிரி இல்லை, நம்ப முடியாமல் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்ட மாதிரி இருக்கும்.

கார்க் அதோடு விட்டுவிடவில்லை. இரண்டாம் பாதியில் துரத்தி வந்து சமன் செய்தது. பிறகு கிளேரின் கோனர் மெக்ரா ஒரு கோல் அடித்து மறுபடி இடைவெளியை உண்டாக்கினார். ஆட்ட நாயகன் விருதுக்குரிய ஆட்டத்தை ஆடி முடித்து ஓடானல் வெளியே வந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. கடைசிக் கணக்கு கிளேர் 5-16, கார்க் 3-16. கார்க் இரண்டு நாளும் ஒரே எண்ணிக்கையைத்தான் எடுத்தது. மாறியது கிளேரின் கணக்குதான்: அன்று கோலே இல்லை, இன்று ஐந்து.

இந்த விளையாட்டில் சம்பளம் கிடையாது. எவ்வளவு பெரிய வீரரானாலும் திங்கட்கிழமை வேலைக்கோ வகுப்புக்கோ போயாக வேண்டும். ஓடானல் அப்போது மரபியல் படித்துக்கொண்டிருந்த மாணவர். படித்தது எங்கே தெரியுமா? கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில். எந்த ஊர்க்காரர்களை மூன்று கோல் போட்டு அழவைத்தாரோ, அதே ஊருக்குத்தான் வகுப்புக்குத் திரும்பிப் போக வேண்டும். திடீரென்று வந்து விழுந்த அந்தப் புகழ் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 19 வயதில் தெருவில் நடக்க முடியாத அளவுக்குப் பெயர் வருவது பிள்ளைக்கு நல்லதா என்று ஒரு தாயாக நான் யோசித்திருக்கிறேன். அவர் படிப்பை விடாமல் பிடித்துக்கொண்டதுதான் அவரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வரை போனார். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் ஹார்வர்டுக்கும் போய்வந்தார்.

அடுத்த கோப்பைக்கு 11 வருடம் ஆனது. நடுவில் 2021இல் பயிற்சியின்போது தலையில் அடிபட்டு, இனி ஆடவே முடியாது என்கிற நிலைக்குப் போய் மீண்டார். 2024இல் அதே கார்க்கை, கூடுதல் நேரத்தில், ஒரே ஒரு புள்ளியில் கிளேர் வென்றது. கோப்பையைத் தூக்கிய தலைவர் டோனி கெல்லி. அந்த வருடத்தின் சிறந்த வீரர் ஷேன் ஓடானல்.

என் மகனுக்குப் பதினொரு வயது. போன வசந்த காலத்தில் ஒரு போட்டிக்கு முதல் 15 பேரில் அவன் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேன் என்றான். பக்கத்து வீட்டுத் தாத்தா, 1995 ஆட்டத்தை நேரில் பார்த்தவர், அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து 2013 கதையைச் சொன்னார். ஓடானல் கதையைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது டாரா ஹோனனைப் பற்றி. இறுதியாட்டத்தன்று இடம் பறிபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்தவர், கடைசியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கிளேரின் ஐந்தாவது கோலைப் போட்டார். இப்போதெல்லாம் அந்தப் பதிவைப் போட்டால் என் மகன் முதல் 19 நிமிடத்தைத் தாண்டிக் கடைசிக்கு ஓட்டிவிடுகிறான்.