புதுப் பையன்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? – கடிதம்

அன்பின் ஐயாவுக்கு,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் உதவி டீமேக்கராக, அதாவது தேயிலைத் தயாரிப்பைப் பார்ப்பவருக்கு உதவியாளாக இருக்கிறேன். வயது 27. போன ஆறு மாதத்தில் ஏழு பையன்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஐந்து பேர் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் இரண்டு பேரும் எதற்கெடுத்தாலும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். கம்பனியிலிருந்து ஒருவர் வந்து ஒரு முழு நாள் வகுப்பு எடுத்தார். பாதி சிங்களம், பாதி இங்கிலீஷ், திரையில் படம். பையன்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. இலை வாட்டும் மாடியில் 30 வருடமாக இருக்கும் பெரியவரிடம் விட்டால், "நின்னு பாரு, தானா வரும்" என்கிறார். அவருக்குச் சொல்லித்தர மனமில்லையோ என்றும் தோன்றுகிறது. புது ஆட்களைப் பழக்க எதுதான் சரியான வழி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புத் தம்பி,

எழுத வருவதற்கு முன் நானும் 11 வருடம் பெக்டரியில் இருந்தவன். இலையை முறுக்கும் ரோலருக்குப் புதிதாக வந்த ஒரு பையனுக்கு முதல் நாளே இருபது விஷயம் சொன்னேன். பெல்ட் ஓடும்போது பக்கத்தில் கை கொண்டுபோகாதே என்பதும் அதில் ஒன்று. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மூன்றாம் நாள் அவன் விரல் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு சேர், எந்த பெல்ட்னு விளங்கல" என்றான். அன்றைக்குச் சொன்ன இருபதில் ஒன்றையாவது அவனைத் திருப்பிச் சொல்ல வைத்தேனா, செய்து காட்டச் சொன்னேனா? இல்லை. தப்பு என்னுடையது.

1940இல், உலகப் போருக்காக அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு ஒரேயடியாகப் புது ஆட்கள் தேவைப்பட்டபோது, 'ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' (தொழிலுக்குள்ளேயே பயிற்சி) என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வேலையாட்களை விட்டுவிட்டு மேற்பார்வையாளர்களைத்தான் முதலில் பிடித்து உட்காரவைத்தார்கள். மின்கம்பியில் போடும் ஒரு முடிச்சை ஒருவருக்கு வாயால் மட்டும் சொல்லிக்கொடுப்பார்கள். அவரால் போட முடியாது. அடுத்தவருக்குச் செய்து மட்டும் காட்டுவார்கள். அவராலும் முடியாது. அப்புறம்தான் சரியான முறை வரும்: ஆளைத் தயார்செய்வது, சொல்லிக்கொண்டே செய்துகாட்டுவது, அவரையே காரணத்தோடு சொல்லிச் சொல்லிச் செய்யவைப்பது, பிறகு அடிக்கடி போய்ப் பார்ப்பது. ஆள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் அவர்கள் தாரகமந்திரம். போருக்குப் பின் ஜப்பானுக்குப் போன இந்த முறையை டொயோட்டா இன்றுவரை விடவில்லை.

உங்கள் கம்பனி வகுப்பு வாயால் மட்டும் சொன்னது. பெரியவர் கையால் மட்டும் காட்டுகிறார். அதனால் இரண்டுமே பாதிதான்.

அந்தப் பெரியவர் கையில் இருப்பதையே எடுத்துக்கொள்வோம். இலை வாடிவிட்டதா என்று அவர் எப்படிப் பார்க்கிறார்? ஓர் இடத்து இலையை நம்பமாட்டார், நாலு இடத்தில் எடுப்பார். உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்து விடுவார். உருண்டை சட்டென்று விரிந்தால் இன்னும் வாடவில்லை. மெல்ல விரிந்தால் சரி. தண்டை மடக்கிப் பார்ப்பார், அது ஒடியாமல் வளைய வேண்டும். ஓரம் சருகாக நொறுங்கினால் நேரம் தாண்டிவிட்டது. கடைசியில் முகர்ந்து பார்ப்பார், பச்சை வாடை போயிருக்க வேண்டும். அவருக்கு இதெல்லாம் ஒரே அசைவு, பையனுக்கு ஐந்து வேலை. அந்த ஐந்தையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் என்று தமிழில் எழுதுங்கள். வாடாத இலை ரோலரில் முறுகாமல் நொறுங்கும், சாறு வழிந்துபோகும் என்று தெரிந்த பையன் நீங்கள் இல்லாத ராத்திரியிலும் இலையைப் பிடித்துப் பார்ப்பான். தமிழில் என்று அழுத்திச் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்கு விளங்காத மொழியில் எச்சரிக்கைப் பலகை மாட்டி வைப்பது எனக்குப் பொறுக்கமுடியாத விஷயம்.

அடுத்தது, ஒரே நாளில் கொட்டாதீர்கள். கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை எபிங்ஹாவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னைத்தானே சோதித்து 1885இலேயே எழுதிவிட்டார். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்து, சிலரைத் திரும்ப வாசிக்கவும் சிலரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆகவே திரும்பத் திரும்பச் சொல்வதை விட்டுவிட்டு அவர்களைச் சொல்லவையுங்கள். காலையில் ஐந்து நிமிடம் போதும்: "நேத்து இலைய எப்படிப் பார்த்த, சொல்லு." மூன்று நாள் விட்டு இன்னொரு முறை. அப்புறம் நம் மலைக்கென்று ஒன்று உண்டு. பெப்ரவரி வெயிலில் பழகியது ஜூன், ஜூலை மழைக்கு உதவாது. மேலீரத்தோடு வரும் கொழுந்து வேறு மாதிரி வாடும். மழை தொடங்கியதும் மறுபடி முதலிலிருந்து காட்டுங்கள்.

பெரியவருக்கு மனமில்லை என்கிறீர்கள். அங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் அம்மா கொழுந்து பறித்தவர். ஒருமுறை புதிதாக வந்த பிள்ளையை அம்மாவின் பக்கத்து நிரையில் விட்டு, பழக்கிவிடு என்றார் கங்காணி. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக எப்படி ஒடிப்பது, எதை மரத்தில் விடுவது என்று அம்மா ஒரு கிழமை காட்டினார். காட்டக் காட்டக் கிலோ குறைந்தது. ஒரு நாள் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. அதற்குப் பிறகு அம்மா யாருக்கும் சொல்லித்தரவில்லை. அது கெட்ட மனம் இல்லை, தம்பி. எங்கள் அடுப்புக்குக் கணக்கு அது.

சொல்லிக்கொடுப்பதும் வேலைதான். பெரியவர் ஒரு மணி நேரம் பையனோடு நின்றால் அவர் மாடியை அந்த நேரம் யார் பார்ப்பது? தாமதமானால் ஏச்சு யாருக்கு? முதலில் டீமேக்கரிடமும் தோட்டத் துரையிடமும் போய் இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பழக்கும் நாட்களுக்கு இன்னொரு ஆள் வேண்டும், பெரியவருக்கு மேலதிகமாக ஏதாவது கொடுக்க வேண்டும், தாமதத்துக்கு நானே பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள். கொழும்புக்குப் போன ஐந்து பேரும் சம்பளத்துக்காகவும் போயிருப்பார்கள், அதை நீங்கள் தனியாக மாற்ற முடியாது. ஆனால் வேலை தெரியாமல் தினமும் ஏச்சு வாங்கும் இடத்தில் எந்தப் பிள்ளையும் நிற்காது.

அது சரியானதும் நான் சொன்ன அந்தத் தாளை எழுதி, பெரியவரிடமே வாசித்துக் காட்டுங்கள். "இல்ல தம்பி, அப்படி இல்ல" என்று அவர் உங்கள் கையைப் பிடித்து இலையில் வைக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை உங்களுக்கே தெரியாமல் இருந்தது அங்கேதான் இருக்கும்.

அன்புடன்.