ஆளை எளிதாக அனுப்ப முடிந்தால் வேலை பெருகுமா? கேள்வி பதில்

கேள்வி: ஆள் எடுக்கவும் அனுப்பவும் தடையில்லாமல் இருந்தால் வேலையின்மை குறையும் என்கிறார்களே சார்?

பதில்: ஸ்பெயினைப் பாருங்கள். 1984-ல் தற்காலிக ஒப்பந்தங்களைத் தாராளமாக அனுமதித்தார்கள். பத்தாண்டுக்குள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் தற்காலிகம். கட்டுமானத் தொழில் கொழித்த 2007-ல் வேலையின்மை 8 சதவீதம். நெருக்கடி வந்தது, ஒப்பந்தம் முடிந்தவர்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பினார்கள். 2013-ல் 26 சதவீதம்! 2009-ல் ஜெர்மனியின் பொருளாதாரம் ஸ்பெயினைவிட அதிகமாகவே சுருங்கியது, ஆனால் வேலையின்மை கொஞ்சம்தான் ஏறியது. ஆளைக் குறைக்காமல் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். இழந்த சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை உள்ளவர்களுக்கு 67, வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து வந்தது. ஆளை அனுப்பாமலே செலவைக் குறைக்கும் அதுவும் நெகிழ்வுதானே?

கேள்வி: என்னைத் திடீரென நிறுத்திவிட்டார்கள். வழக்கு போடலாமா?

பதில்: நான் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவன். சம்பளச் சீட்டு, அடையாள அட்டையோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: இந்தியாவில் வேலையின்மை விகிதம் குறைவுதானே?

பதில்: எப்போதும் சொல்வதுதான், அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். வாராந்திரக் கணக்கில், ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர்.

கேள்வி: கோவையில் பம்ப் பட்டறை வைத்திருக்கிறேன். 100 பேரைத் தொட்டால் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும் என்று 95-லேயே நின்றேன். உங்களுக்கு இது புரியாது.

பதில்: புரிகிறது. அந்த வரம்பு 2025 நவம்பர் 21 முதல் 300. ஆனால் ஒன்று கேட்கிறேன், காண்ட்ராக்டர் அனுப்பும் ஆட்களையும் சேர்த்தா 95? பல ஆலைகளில் பார்த்திருக்கிறேன். ஒரே மெஷினில் இருவர். ஒருவர் சட்டையில் கம்பெனி பெயர், அடுத்தவர் கழுத்தில் வேறு நிற அட்டை. ஆர்டர் குறைந்தால் முதலில் போவது அந்த அட்டைக்காரர். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. ஸ்பெயினில் நடந்ததும் இதுவேதான்.

கேள்வி: சட்டத்தைத் தளர்த்தினால் வேலையின்மை குறையுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: (அதே கோவை நண்பர்) சரி, காண்ட்ராக்ட் ஆட்களைச் சேர்த்தால் 140. ஆர்டர் இல்லாத மாதம் எல்லாருக்கும் சம்பளத்துக்கு எங்கே போவேன்?

பதில்: மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. அப்படியானால் உங்களை அழுத்துவது அனுமதி விதியல்ல, ஆர்டர் இல்லாத அந்த மாதம். நம் லே-ஆஃப் (ஆளை நீக்காமல், வேலை இல்லாத நாட்களில் தற்காலிகமாக நிறுத்திவைப்பது) விதிப்படி நிரந்தர ஆட்களுக்குப் பாதிச் சம்பளம் முதலாளி கையிலிருந்து போக வேண்டும், காண்ட்ராக்ட் ஆளுக்கு அதுவும் கிடையாது. ஜெர்மனியில் அந்தச் சுமையைப் பொது நிதி தாங்குகிறது. அப்படி ஒரு நிதி கேட்டு உங்கள் சங்கம் மனு எழுதினால் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.