விடைகளைப் பார்க்கும் முன் விரிசலைப் பாருங்கள்: எல்சாட் தர்க்கப் பகுதி கேள்வி பதில்

அமெரிக்க, கனடா சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் எல்சாட் தேர்வின் தர்க்கப் பகுதி பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். அந்தப் பகுதியில் ஒரு சிறு பத்தி வரும், அதன்மேல் ஒரு கேள்வி, தேர்ந்தெடுக்க ஐந்து விடைகள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, என்னிடம் இருப்பவை பழைய பயிற்சிப் புத்தகங்கள். தேர்வே மாறிவிட்டதாமே, தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். 2024 ஆகஸ்ட் முதல் 'லாஜிக் கேம்ஸ்' என்ற புதிர்ப் பகுதி மட்டும் போய்விட்டது. அந்த இடத்துக்கு இன்னொரு தர்க்கப் பிரிவு வந்திருக்கிறது. மதிப்பெண்ணுக்குரிய மூன்று பிரிவுகளில் இப்போது இரண்டு தர்க்கம், ஒன்று வாசிப்புப் புரிதல். புதிர் அத்தியாயங்களை விட்டுவிடுங்கள். தர்க்கக் கேள்விகளின் இயல்பு மாறவில்லை. பழைய வினாத்தாள்கள் இன்றும் நல்ல பயிற்சிதான்.

கேள்வி: ஐந்து விடைகளில் மூன்றைச் சரியாக நீக்கிவிடுகிறேன். மிஞ்சும் இரண்டில் எப்போதும் தவறானதையே தேர்ந்தெடுக்கிறேன். என்னதான் செய்வது?

இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் அந்த இரண்டு விடைகளில் இல்லை. பத்தியைப் படித்து முடித்த கணத்தில் இருக்கிறது. வாதத்தின் ஓட்டை எங்கே என்று தெரியாமலே விடைகளுக்குள் இறங்கினால், நன்றாக எழுதப்பட்ட தவறான விடை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். அதை எழுதியவரின் வேலையே அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு: "இந்த நூலகத்தில் சென்ற ஆண்டு மின்னூல் இரவல் இரு மடங்கானது. ஆகவே வாசகர்கள் முன்பைவிட அதிகமாகப் படிக்கிறார்கள்." இங்கே ஆதாரம் பேசுவது மின்னூலைப் பற்றி, இரவலைப் பற்றி. முடிவு பேசுவதோ மொத்த வாசிப்பைப் பற்றி. முடிவில் திடீரென்று எந்தச் சொல் முளைக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் விரிசல் அங்கேதான் இருக்கும்.

இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்று கேட்டு, இரண்டு விடைகள் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று: "அதே ஆண்டில் அச்சு நூல் இரவல் பாதியாகக் குறைந்தது." மற்றொன்று: "மின்னூலில் படித்ததைவிட அச்சு நூலில் படித்ததே மனத்தில் நிற்கிறது." இரண்டாவது அறிவார்ந்த கருத்தாக ஒலிக்கிறது. ஆனால் எவ்வளவு படிக்கிறார்கள் என்பதை அது தொடவே இல்லை. முதலாவது விரிசலில் நேராக விழுகிறது. அதுவும் வாதத்தை முழுதாகக் கவிழ்த்துவிடாதுதான். கவிழ்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஆட்டங்காண வைத்தால் போதும்.

கேள்வி: வாதத்துக்குத் தேவையான அனுமானத்தை, அதாவது வெளியே சொல்லாமலே வாதம் நம்பியிருக்கும் கருத்தைக் கண்டுபிடிக்க, விடையை மறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நான் மறுத்தால் எல்லா விடைகளுமே வாதத்தை உடைக்கின்றன!

தேவைக்கு மேல் மறுக்கிறீர்கள். அதே நூலக வாதத்துக்கு இந்த விடையைப் பாருங்கள்: "இரவல் வாங்கப்படும் ஒவ்வொரு மின்னூலும் கடைசிப் பக்கம் வரை படிக்கப்படுகிறது." இதன் மறுப்பு "எந்த மின்னூலும் படிக்கப்படுவதில்லை" என்பதல்ல, "குறைந்தது ஒரு மின்னூலாவது முழுதாகப் படிக்கப்படவில்லை" என்பதுதான். ஒரே ஒரு நூலைப் பாதியில் மூடிவைத்தால் வாதத்துக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை. எனவே இந்த விடை தேவையற்றது.

இப்போது இது: "கூடுதலாக இரவல் போன மின்னூல்களில் சிலவாவது படிக்கப்படுகின்றன." மறுத்தால், கூடுதலாகப் போன எதையுமே யாரும் படிக்கவில்லை என்றாகிறது. வாதம் அங்கேயே உட்கார்ந்துவிடும். அதனால் இதுவே விடை. தேவையான அனுமானத்தைக் கேட்கும் கேள்விகளில் இப்படி அடக்கமாகப் பேசும் விடைகளே அடிக்கடி சரியாக இருக்கும். வாதத்தை முழுமையாக்கப் போதுமான அனுமானம் எது என்று கேட்டால் கதை வேறு: அங்கே 'ஒவ்வொரு', 'எல்லா' போன்ற பலத்த சொற்களைக் கண்டு பயப்படாதீர்கள்.

கேள்வி: 'இல்லாவிட்டால்' வகை நிபந்தனை வாக்கியங்களில் தலை சுற்றுகிறது.

"மேலாளரின் ஒப்புதல் இல்லாவிட்டால் பணம் வழங்கப்படாது." இதிலிருந்து உறுதியாகக் கிடைப்பது: பணம் வழங்கப்பட்டிருந்தால் ஒப்புதல் இருந்தது. கிடைக்காதது: ஒப்புதல் வந்தால் பணமும் வந்துவிடும் என்பது. ஒப்புதலுக்குப் பிறகும் பணம் நின்றுபோக ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். நிபந்தனையைத் திருப்பினால் இரு பக்கங்களையும் மறுக்க வேண்டும். திருப்பிவிட்டு மறுக்காமல் இருப்பது, மறுத்துவிட்டுத் திருப்பாமல் இருப்பது என்ற இரண்டு பிழைகளை நம்பியே தவறான விடைகள் தயாராகின்றன.

கேள்வி: மேடம், 'சிலர்', 'பெரும்பாலோர்' என்று வந்தால் படம் வரையலாமா?

வரையலாம். நான் சிறிய எண்களைப் போட்டுப் பார்ப்பேன். ஒரு சங்கத்தில் 100 பேர். பெரும்பாலோர் பாடுவார்கள், பெரும்பாலோர் ஓவியம் வரைவார்கள். குறைந்தபட்சம் 51 பேரும் 51 பேரும். எனவே இரண்டு பேராவது இரண்டையும் செய்தே ஆக வேண்டும். இது உறுதி.

சங்கிலியாக வந்தால் எச்சரிக்கை. பெரும்பாலான கவிஞர்கள் ஆசிரியர்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் கார் ஓட்டுவார்கள். கவிஞர்கள் 10 பேரில் 6 பேர் ஆசிரியர்கள், மொத்த ஆசிரியர்கள் 1,000 பேர் என்று வையுங்கள். அந்த 6 பேரும் கார் ஓட்டாதவர்களாக இருக்கலாம். கவிஞர்களையும் காரையும் இணைத்து எதுவும் சொல்ல முடியாது. இன்னொன்று: இந்தத் தேர்வில் 'சிலர்' என்றால் குறைந்தது ஒருவர், எல்லாரும் என்பதை அது விலக்குவதில்லை.

கேள்வி: நான் மருந்தாளுநர். மருந்து பற்றிய பத்தி வந்தால் எனக்குத் தெரிந்ததே குறுக்கே வருகிறது.

பத்தியில் ஆதாரமாகச் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள், அது உங்கள் துறைக்கு ஒவ்வாததாக இருந்தாலும். கேள்வி கேட்க வேண்டியது ஆதாரத்திலிருந்து முடிவுக்குப் பாயும் தாவலை மட்டுமே. வலுப்படுத்தும், பலவீனப்படுத்தும் கேள்விகளில் விடைகள் புதுத் தகவல் கொண்டுவரும். 'இவை உண்மை எனக் கொண்டால்' என்று கேள்வியே சொல்லிவிடுகிறது, ஆகவே அவற்றோடும் சண்டை வேண்டாம். பொது அறிவுக்கு இடமுண்டு, சிறப்பறிவுக்கு இல்லை.

கேள்வி: நேரம் போதவே இல்லை. முதலில் கேள்வியைப் படிப்பதா, பத்தியைப் படிப்பதா?

கேள்வியை முதலில் படிப்பது என் பழக்கம். முடிவைத் தேட வேண்டுமா, ஓட்டையைத் தேட வேண்டுமா என்று தெரிந்துகொண்டு உள்ளே போகலாம். பத்தியை முதலில் படித்துச் சிறப்பாக எழுதுபவர்களும் உண்டு. இதில் பிடிவாதம் வேண்டாம்.

35 நிமிடங்களில் ஏறக்குறைய 25 கேள்விகள். கேள்விக்குச் சுமார் 84 விநாடிகள். இதைச் சமமாகப் பங்கிடாதீர்கள். தொடக்கக் கேள்விகள் பொதுவாக எளிதாக இருக்கும். அங்கே மிச்சம் பிடியுங்கள். 'இதே போன்ற தர்க்கம் எதில் உள்ளது' என்று ஐந்து முழு வாதங்களை நீட்டும் கேள்வியைக் குறித்துவைத்துவிட்டுக் கடைசியில் வாருங்கள். முதலில் முடிவுகளை மட்டும் ஒப்பிடுங்கள்: மூல வாதம் 'அநேகமாக' என்று முடிந்தால், 'நிச்சயமாக' என்று முடியும் விடைகளை அப்போதே அடித்துவிடலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, எனவே எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.

கேள்வி: மதிப்பெண்ணில் சேராத பிரிவு எது என்று தேர்வின்போதே கண்டுபிடிக்க முடியுமா?

மொத்தம் நான்கு பிரிவுகள். ஒன்று கணக்கில் வராது. தர்க்கம் மூன்று முறை வந்தால், அந்த மூன்றில் ஒன்று என்று தெரியும், அவ்வளவுதான். எது என்று ஊகித்து ஒன்றில் அசட்டையாக இருந்துவிட்டு, அதுவே உண்மையான பிரிவாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான்கையும் ஒரே மாதிரி எழுதுங்கள்.