ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் யார் யார் வாழ்கிறார்கள்: ஹூஸ்டனுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, ஹூஸ்டனில் வேலை உறுதியாகிவிட்டது, ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் வீடு பார்க்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எல்லா இனமும் கலந்து வாழும் இடம் என்பது எவ்வளவு உண்மை, நம் ஆட்கள் எந்தப் பக்கம் அதிகம், கறுப்பர்கள் உள்ள பகுதிக்குப் போக வேண்டாம் என்று அலுவலக நண்பர் சொன்னதைக் கேட்கலாமா, எட்டாவது முடிக்கும் மகளைப் பள்ளியில் ஒதுக்கிவிடுவார்களோ என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். நீண்ட காலமாக இங்கேயே குடும்பம் நடத்துகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் கலப்பு. அது உண்மைதான். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தக் கவுண்டியில் 8 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 2000-இல் மூன்றரை லட்சம்தான். இருபதே வருடத்தில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அதில் லத்தீன் அல்லாத வெள்ளையர் முப்பது சதவீதத்தை ஒட்டி. லத்தீன் மக்கள் கிட்டத்தட்ட கால் பங்கு. ஆசியர் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், கறுப்பர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. யாருமே பெரும்பான்மை இல்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ஸ்டீபன் கிளைன்பெர்க், இந்த நான்கு பிரிவும் சமமாகப் பங்கிட்டிருப்பதற்கு நாட்டிலேயே மிக நெருக்கமாக உள்ள கவுண்டிகளில் ஒன்றாக இதைப் பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வந்திருக்கிறார்.

ஆனால் அது கவுண்டி முழுவதற்குமான கணக்கு. நீங்கள் குடியேறப்போவது ஒரு தெருவில். சுகர்லாந்தில் ஆசியர் அதிகம். சுகர்லாந்துக்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள சில குடியிருப்புகளில் வாசலுக்கு வாசல் மாவிலைத் தோரணம் தொங்கும். மிசூரி சிட்டியின் கிழக்குப் பகுதியிலும் ஃப்ரெஸ்னோவிலும் கறுப்பரும் லத்தீன் மக்களும் அதிகம். ரோசன்பெர்க்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். நீட்வில், பீஸ்லி பக்கம் போனால் செக், ஜெர்மானிய வழி வந்த விவசாயக் குடும்பங்கள். புல்ஷியர், கேட்டி பக்கம் புதிதாக எழும் குடியிருப்புகளில் இப்போது தெலுங்குதான் அதிகம் காதில் விழுகிறது. எல்லா இனமும் ஒரே கவுண்டியில் இருப்பது வேறு, ஒரே தெருவில் இருப்பது வேறு. வீடு தேடும்போது இந்த வித்தியாசம் மனத்தில் இருக்கட்டும்.

இந்த மக்கள் எல்லாரும் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் உங்கள் நண்பர் சொன்னதை எடைபோட முடியும். பலர் இங்கே பத்து வருடம் இருந்துவிட்டு இதைத் தெரியாமலே டல்லாஸுக்கு மாறிப் போகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பிரேஸோஸ் ஆற்றின் வளைவில் 1820களில், டெக்சாஸுக்கு அமெரிக்கக் குடும்பங்களைக் கூட்டிவந்த ஸ்டீபன் ஆஸ்டினின் குடியேறிகள் எழுப்பிய சிறு கோட்டைதான் இந்த ஊருக்குப் பெயர் தந்தது. கரும்பும் பருத்தியும் போட்டார்கள். வேலை செய்தவர்கள் அடிமைகள். 1860-இல் இந்தக் கவுண்டியின் மக்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அடிமைகளாக இருந்த கறுப்பர்கள். அதாவது இங்கே கறுப்பர்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் அல்ல. ஒரு காலத்தில் அவர்கள்தான் பெரும்பான்மை. விடுதலைக்குப் பிறகு, அடிமையாகப் பிறந்த வால்டர் மோசஸ் பர்ட்டன் 1869-இல் இந்தக் கவுண்டியின் ஷெரீப்பாக, அதாவது காவல் தலைவராக, தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு மாநில செனட்டிலும் இருந்தார். விடுதலை பெற்றவர்கள் சொந்தமாக நிலம் வாங்கி உருவாக்கிய கெண்டில்டன் என்ற சிற்றூர் 59-ஆம் நெடுஞ்சாலையில் தென்மேற்கே போனால் இன்றும் இருக்கிறது.

அப்புறம் கறுப்பர்களின் வாக்குரிமையை வெள்ளையர் பிடுங்கினார்கள். 1888, 89-இல் ஜேபேர்ட், உட்பெக்கர் என்று இரண்டு அணிகளுக்குள், கவுண்டியின் தலைநகரான ரிச்மண்டில் துப்பாக்கிச் சண்டை வரை போனது. வென்ற ஜேபேர்ட் அணி வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் தனிச் சங்கம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் யாரை நிறுத்தினார்களோ அவரே கவுண்டிப் பதவிக்கு வரும்படி பார்த்துக்கொண்டது. 1953-இல் உச்ச நீதிமன்றம் டெர்ரி எதிர் ஆடம்ஸ் வழக்கில் அது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லும்வரை அறுபது வருடத்துக்கும் மேல் அப்படியே ஓடியது.

சுகர்லாந்து என்ற பெயரில் உள்ள சர்க்கரைக்கும் ஒரு கதை உண்டு. அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்குச் சிறைக் கைதிகளை மாநில அரசு வாடகைக்கு விட்டது. 2018-இல் பள்ளி மாவட்டம், அதாவது இங்கே அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, ஒரு தொழிற்கல்விக் கட்டடத்துக்கு மண்ணைத் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் வெளியே வந்தன. எல்லாரும் அப்படி வாடகைக்கு விடப்பட்ட கறுப்பினக் கைதிகள். 1878-க்கும் 1911-க்கும் இடையில் புதைக்கப்பட்டவர்கள். அங்கே கல்லறைகள் இருக்கும், கவனமாகத் தோண்டுங்கள் என்று ரெஜினால்ட் மூர் என்பவர் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த வருடம் அதே இடத்தில் அவர்களை முறைப்படி மறுபடி அடக்கம் செய்தார்கள். அந்த இடத்துக்கு ஒருமுறை மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் வாங்கும் அழகான வீடுகளில் பல அந்தப் பழைய தோட்ட நிலங்களிலும் சிறைப் பண்ணை நிலங்களிலும் எழுந்தவை.

ஆசியர்கள் வந்த கதை பிறகு. 1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்தது. டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் செவிலியர்களைத் தேடியது. கேரளத்துச் செவிலியர்களும் பிலிப்பைன்ஸ் செவிலியர்களும் வந்தார்கள். பல மலையாளக் குடும்பங்களில் முதலில் வந்தது மனைவிதான், கணவர் பின்னால் வந்தார். எண்ணெய் நிறுவனங்கள் பொறியாளர்களை இழுத்தன. 1975-இல் சைகோன் வீழ்ந்தபின் வியட்நாம் அகதிகள் ஹூஸ்டனின் தென்மேற்கில் குடியேறினார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் நல்ல பள்ளி தேடி எல்லாரும் அடுத்த கவுண்டியான இதற்குள் நகர்ந்தார்கள். 1980களில் எண்ணெய் விலை விழுந்து வீட்டு விலையும் இறங்கியது அதற்கு வசதியானது. அதே நல்ல பள்ளி, அதே பெரிய வீடு தேடித்தான் ஹூஸ்டன் நகரத்துக்குள் இருந்த கறுப்பின ஆசிரியர்களும் மருத்துவர்களும் பொறியாளர்களும் மிசூரி சிட்டிக்கு வந்தார்கள். நைஜீரியர்களும் அப்படித்தான். மருந்தாளர், செவிலியர், எண்ணெய்ப் பொறியாளர் என்று அவர்கள் தொழிலும் நம் தொழிலும் ஒன்றுதான்.

ஆகவே தம்பி, உங்கள் நண்பரின் பேச்சைக் கேட்காதீர்கள். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. இது நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் காதில் ஓதி அடுத்து வருபவருக்கும் தொற்ற வைக்கும் பேச்சு. கறுப்பர் என்று நாம் ஒரே சொல்லில் அடக்குபவர்களில் ஐந்து தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கும் குடும்பமும் உண்டு, லூயிசியானாவிலிருந்து வந்தவர்களும் உண்டு, லாகோஸிலிருந்து போன வருடம் வந்தவர்களும் உண்டு. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு நைஜீரிய இக்போ குடும்பம். என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது அந்த வீட்டுப் பாட்டியும் அவரும் தினமும் மாலையில் ஒன்றாக நடந்தார்கள். மாமியாருக்கு ஆங்கிலம் வராது, அந்தப் பாட்டி பேசும் ஆங்கிலமும் புரியாது. ஆனாலும் மூட்டு வலிக்கு என்ன தடவுவது, மருமகள் சமையலில் என்ன குறை என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். அந்தப் பாட்டி கொடுத்த காய்ந்த மிளகாயும் இறாலும் போட்ட தக்காளிக் குழம்பு எங்கள் வீட்டில் இன்றும் அடிக்கடி செய்வோம்.

பாதுகாப்பு பற்றிக் கவலை இருந்தால் தெருவின் குற்றப் பதிவைப் பாருங்கள். கவுண்டி ஷெரீப் அலுவலகத்திலும் நகரக் காவல் துறையிலும் கேட்கலாம். தோலின் நிறத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். வீட்டுத் தரகரிடம் "இந்தியர்கள் எங்கே அதிகம்" என்று கேட்டால் நழுவுவார். அவர் மேல் கோபப்படாதீர்கள். 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டப்படி இனத்தை வைத்து ஒருவரை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடுவது சட்டவிரோதம். கறுப்பர்களை நல்ல பகுதிகளில் நுழையவிடாமல் தடுத்த வழக்கத்தை ஒழிக்க வந்த சட்டம் அது. நமக்கும் அதுதான் காவல்.

நம் ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கவுண்டியின் ஆசியர்களில் இந்தியர்தான் பெரிய கூட்டம். ஆனால் இந்தியர் என்றால் தமிழர் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். ஸ்டாஃபோர்டில் 2004-இல் திறந்த சுவாமிநாராயண் கோயில் குஜராத்திகளுடையது, கல்லை இந்தியாவில் செதுக்கிக் கொண்டுவந்து பொருத்தியது. ஸ்டாஃபோர்ட், மிசூரி சிட்டி முழுக்க மலையாளிகளின் தேவாலயங்கள். அந்த இரண்டு ஊரிலும் மலையாளிகள் மேயராகவே வந்திருக்கிறார்கள். கேரளத்தில் பிறந்த கே.பி. ஜார்ஜ் 2018 தேர்தலில் கவுண்டி ஜட்ஜ் ஆனார். அது கவுண்டி நிர்வாகத்தின் தலைமைப் பதவி. சுகர்லாந்தில் இஸ்மாயிலி முஸ்லிம்களின் வழிபாட்டு இடமான ஜமாத்கானா 2002 முதல் இருக்கிறது. அதே ஊரில் அஷ்டலட்சுமி கோயில் வளாகத்தில் 2024-இல் 90 அடி அனுமன் சிலை எழுந்தது. நாம் வெள்ளிக்கிழமையும் பிள்ளைகள் பிறந்தநாளிலும் போகும் மீனாட்சி கோயில் பேர்லாண்டில், பக்கத்துப் பிரேஸோரியா கவுண்டியில். தமிழ் வகுப்பு, பொங்கல் விழா எல்லாம் உண்டு, பாரதி கலை மன்றத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் தமிழர் தெரு என்று ஒன்று இங்கே கிடையாது, தேடி அலைய வேண்டாம்.

மகளை ஒதுக்குவார்களா என்ற கேள்விதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று தெரிகிறது. ஃபோர்ட் பெண்ட் ஐஎஸ்டி என்ற பள்ளி மாவட்டத்தில் ஆசிய, கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் ஆளுக்கு ஏறத்தாழ கால் பங்கு. வெள்ளைப் பிள்ளைகள்தான் அதைவிடக் குறைவு. இட்லி கொண்டுபோனால் மூக்கைப் பொத்துவார்கள் என்ற காலம் இங்கே போய்விட்டது. பட்டமளிப்பு விழாவில் பாருங்கள், மேடையில் பெயர் வாசிப்பவரிடம் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எழுதிய அட்டையை நீட்டும். அவரும் ஒரு நொடி நின்று, உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு, நுயென், ஒக்காஃபோர், கார்சியா, படேல், மீனாட்சிசுந்தரம் என்று வாசிப்பார். முழுப் பெயரும் சிதையாமல் ஒலிக்கும்போது அந்தந்தக் குடும்பம் எழுந்து கத்தும்.

ஆனால் உள்ளதையும் சொல்ல வேண்டும். மதிய உணவு மேசையில் பிள்ளைகள் பெரும்பாலும் இனம் இனமாகத்தான் உட்காருகிறார்கள். கல்லூரித் தரப் பாடங்கள் நடத்தும் ஏபி வகுப்புகளில் ஆசியப் பிள்ளைகள் குவிகிறார்கள். கிளெமென்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆசியர்தான் மிக அதிகம். மிசூரி சிட்டியின் மார்ஷல் பள்ளியில் அநேகமாக எல்லாரும் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள். ஒரே மாவட்டம்தான், இருந்தாலும் இரண்டுக்கும் இடையில் தொலைவு அதிகம். பள்ளி எல்லையை மாற்றி வரையப் போகிறார்கள் என்றால் நம் பெற்றோர்தான் முதல் வரிசையில் போய் நின்று வேண்டாம் என்கிறார்கள். வீட்டு விலை விழுந்துவிடும் என்ற பயம். எனக்கு இது பிடிப்பதில்லை. மகளை மதிப்பெண் பட்டியலில் முதலில் நிற்கும் பள்ளியில்தான் சேர்ப்பேன் என்று பிடிவாதம் வேண்டாம். அந்த அழுத்தத்தில் தூக்கம் கெட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். நடுத்தரமான, நான்கு இனமும் உள்ள பள்ளி கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாடகம், பேண்ட், டென்னிஸ் என்று ஏதாவது ஒன்றில் சேரச் சொல்லுங்கள். மேசை மாறி உட்காரும் பழக்கம் அங்கேதான் வரும்.

மற்றது பணக் கணக்கு. மாநில வருமான வரி இல்லை என்று சந்தோஷப்பட்டு வருவீர்கள், சொத்து வரி பிடித்துக்கொள்ளும். புதுக் குடியிருப்புகளில் தண்ணீர், சாக்கடைக்காக வாங்கும் மட் (எம்யூடி) வரியும் சேர்ந்து சில இடங்களில் வீட்டு மதிப்பில் மூன்று சதவீதத்தை ஒட்டி வரும். குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கான எச்ஓஏ கட்டணம் தனி. வெள்ளத்தையும் பாருங்கள். 2017 ஹார்வி புயலில் ரிச்மண்டில் பிரேஸோஸ் 55 அடியைத் தாண்டியது. பல குடியிருப்புகள் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய லெவி என்ற கரைக்குள் இருக்கின்றன. வீடு அந்தக் கரைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

முதல் வருடம் வாடகைக்கே இருங்கள். மகள் ஒன்பதாவதுக்குப் போவதால் நேராக உயர்நிலைப் பள்ளியில்தான் சேர வேண்டும், எந்தப் பள்ளி என்பதை முகவரிதான் முடிவு செய்யும். பக்கத்துத் தெருவுக்கே வேறு பள்ளி வரலாம். அதனால் வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே பள்ளி மாவட்டத்தின் தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையும் பள்ளி மதிப்பெண் பட்டியல்களும் கையோடு விமானத்தில் வரட்டும், கப்பலில் வரும் சாமானோடு போட்டுவிடாதீர்கள். அவை இல்லாமல் சேர்க்கை இழுத்தடிக்கும்.