ஒலிம்பிக் பதக்கம் பறிபோன பிறகு ஜிம் தோர்ப் பிழைப்புக்கு என்ன செய்தார்?

இந்த அமெரிக்க வீரருக்குப் பதக்கம் போனதே காசு வாங்கி ஆடியதால்தான். அப்போதைய ஒலிம்பிக் விதி அதை அனுமதிக்கவில்லை. 1912 ஸ்டாக்ஹோமில் பென்டத்லான் (ஐந்து தடகளப் போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்து சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வென்றவர். 1909, 1910இல் வட கரோலினாவில் சொற்பச் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியது 1913இல் வெளியே வந்ததும் பறித்துவிட்டார்கள். சரி, இனி ஒளிக்க என்ன இருக்கிறது? அதே ஆண்டு நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியில் சேர்ந்துவிட்டார். அதில் அவர் சுமார்தான் என்பேன்.

அவருடைய நிஜமான களம் அமெரிக்கக் கால்பந்து. 1915இல் ஓஹாயோவின் கேன்டன் புல்டாக்ஸ் ஒரு ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்தது. பயிற்சியாளர் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. 1920இல், ஆடிக்கொண்டே, இன்றைய என்எஃப்எல்லாக (அமெரிக்கக் கால்பந்தின் முதன்மைத் தொழில்முறை லீக்) மாறிய சங்கத்தின் முதல் தலைவரானார்.

அப்புறம் 1922, 23இல் அவர் ஆடிப் பயிற்சியும் கொடுத்த ஊராங் இண்டியன்ஸ். இதுதான் வினோதம். ஏர்டேல் நாய்களை வளர்த்து விற்ற ஒரு வியாபாரி, விளம்பரத்துக்காக அமெரிக்கப் பூர்வகுடியினரை மட்டும் சேர்த்து நடத்திய அணி அது. இடைவேளையில் நாய்கள் வித்தை காட்டும். ஓய்வெடுக்க வேண்டிய ஆட்டக்காரர்களும் கூடவே வேடிக்கை காட்ட வேண்டும். இரண்டு சீசனிலும் சேர்த்து நான்கே வெற்றி. இதை வைத்து அவரை மோசமான பயிற்சியாளர் என்பது நியாயமில்லை. முதலாளிக்கு நாய் விற்றால் போதும்.

1953இல் இறந்தார். பதக்கங்களின் நகல்கள் 1980களில்தான் குடும்பத்துக்குக் கிடைத்தன. அதுவும் 'இணை வெற்றியாளர்' என்றே. தனி வெற்றியாளராக அறிவித்தது 2022இல்.