கார்ப்பித்து: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன் நான். கனடா வந்து ஆறு வருடமாகிறது. ஸ்கார்பரோவில் ஒரு டயர் கடையில் வேலை. போன மாதம் ஒரு வேன் வந்தது, முன்பக்கம் ஓயாத இரைச்சல். டயரை மாற்றச் சொன்னார்கள். நான் வண்டியைத் தூக்கி, காயில் ஸ்பிரிங் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினேன். அதிர்வு கையில் ஏறியது. டயர் இல்லை, வீல் பேரிங் போய்விட்டது என்றேன். “டயர் மாத்துறதுதான் உன் வேலை” என்றார் மேற்பார்வையாளர். நாலு புது டயரோடு போன வேன் மறுநாளே அதே இரைச்சலோடு திரும்பி வந்தது. என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

வயது முப்பத்தாறு. கூடப் படித்தவர்கள் ஐ.டி.க்கு மாறி வீடு வாங்கிவிட்டார்கள். கார் மேல் வைத்த பித்தால்தான் வாழ்க்கையைத் தொலைத்தேனோ என்று ராத்திரிகளில் தோன்றுகிறது.

க.

அன்புள்ள க.,

அந்த உள்ளங்கையைப் பற்றி எழுதிய வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தொலைத்தவன் எழுதுகிற வரிகள் இல்லை அவை.

ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஷெவர்லே கார்வெட்டை உண்மையான ஸ்போர்ட்ஸ் காராக ஆக்கியவர். அவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கதை.

1909இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தார். பெற்றோர் ரஷ்ய யூதர்கள். பிள்ளை வளர்ந்தது லெனின்கிராடில். டிராம் ஓட்டுநராக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. பிறகு மோட்டார் சைக்கிள், அப்புறம் கார். பெர்லினில் பொறியியல் படித்து 1934இல் பட்டம் வாங்கினார். 1940இல், அப்போது அவர் இருந்த பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்ததும் ஸ்பெயின் வழியாகத் தப்பி நியூயார்க் வந்தார்.

அங்கே தம்பி யூராவோடு சேர்ந்து ‘ஆர்டன்’ என்று ஒரு கம்பெனி. அந்தக் காலத்து ஃபோர்டு வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜினில் வால்வுகள் பக்கவாட்டில், பிளாக்கிலேயே இருக்கும். எரிந்த புகை பிளாக்குக்குள்ளேயே சுற்றி வெளியேறுவதால் தண்ணீர் கொதிக்கும். வால்வை மேலே கொண்டுபோய், அரைக்கோள வடிவ எரிஅறையோடு என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை அலுமினியத்தில் செய்தார்கள். அருமையான ஹெட். ஆனால் கம்பெனி நொடித்துப்போனது. டன்டோவ் இங்கிலாந்து போய் ஆலார்டு என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு மறுபடி அமெரிக்கா வந்தார். நாற்பதைத் தாண்டியும் ஓரிடத்தில் நிலைக்காதவர் என்று உறவுக்காரர்கள் பேசத் தோதான வாழ்க்கை.

1953 ஜனவரியில், நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த மோட்டோராமா கண்காட்சியில் முதல் கார்வெட்டைப் பார்த்தார். அழகில் சொக்கிப்போனார். ஆனால் அந்த அழகுக்கு உள்ளே இருந்தது ஸ்போர்ட்ஸ் காருக்குப் போதாத ஆறு சிலிண்டர் என்ஜினும் இரண்டே வேக ஆட்டோமேட்டிக் கியரும். உடனே ஷெவர்லேயின் தலைமைப் பொறியாளர் எட் கோலுக்குக் கடிதம் எழுதினார். ஒரு காரின் உச்ச வேகத்தைக் கணக்கிடுவது பற்றித் தான் எழுதிய கட்டுரையையும் கூடவே வைத்தார். மே 1 அன்று வேலையில் சேர்ந்தபோது வயது நாற்பத்து மூன்று.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். அதே வருடம் டிசம்பரில் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். இளைஞர்கள், ஹாட் ராடர்கள், ஷெவர்லே பற்றி. பழைய காரை வாங்கிப் பிரித்து வேகம் ஏற்றுகிற பையன்கள்தான் ஹாட் ராடர்கள். அவர்கள் ஃபோர்டையே சுற்றி வருகிறார்கள், ஏனென்றால் அதற்கு இருபது வருடமாகப் பாகங்கள் கிடைக்கின்றன. நம் வி8 எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போதாது. கேம், வால்வு, ஸ்பிரிங், மேனிஃபோல்டு எல்லாவற்றையும் நாமே தயாராக வைத்து விற்க வேண்டும் என்பது அதன் சாரம். அவருக்கு இது எங்கிருந்து தெரிந்தது? அந்தப் பையன்கள் கழற்றிப் பூட்டுகிற அதே ஃபோர்டு என்ஜினுக்கு ஹெட் செய்து, விற்று, நொடித்துப்போனவர் அவர்தானே! முழுகிப்போன கம்பெனிதான் அந்தக் குறிப்பை எழுதியது என்றே நான் நம்புகிறேன்.

1955இல் கார்வெட்டுக்கு வி8 வந்தது, 1957இல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், 1963இல் பின்சக்கரங்கள் தனித்தனியாக அசைகிற சஸ்பென்ஷன். இவையெல்லாம் உங்களுக்கே தெரியும். உத்தியோகம் சுகமாகவும் இருக்கவில்லை. சேர்ந்த ஆறாவது வாரமே லெ மான் பந்தயத்தில் ஆலார்டு ஓட்டப் போய்விட்டார், அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். என்ஜினை இருக்கைக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்று வருடக்கணக்காகப் போராடினார், மாதிரி வண்டிகளும் செய்து காட்டினார். நிறைவேறாமலே 1975இல் ஓய்வு பெற்று, 1996இல் காலமானார். அப்படிப்பட்ட கார்வெட் வந்தது 2019இல். அவரால் பார்க்க முடியவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்டாரியோவில் 310எஸ் என்கிற கார் மெக்கானிக் உரிமம் இல்லாமல் உங்கள் கை சொல்வதை யாரும் கேட்கப் போவதில்லை. கோவையில் பார்த்த வேலைக்குப் பழைய முதலாளிகளிடம் கடிதம் வாங்குங்கள். அனுபவத்தை மதிப்பிட்டுத் தேர்வு எழுத விடுகிற வழி இருக்கிறது. போதாவிட்டால் உங்களை அப்ரென்டிஸாகப் பதிவு செய்கிற வேறு ஒர்க்‌ஷாப்பைத் தேடுங்கள். டயர் மட்டும் மாற்றச் சொல்கிற இடத்தில் இன்னொரு குளிர்காலம் வேண்டாம்.

வேலை கேட்டு எழுதும்போது படிப்பு, வருடம், பதவி என்று அடுக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். அந்த வேனைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கூடவே வையுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இரைச்சல் இடது பக்கமா, வலது பக்கமா? ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கூடியதா, குறைந்ததா? நீங்கள் அதை எழுதவே இல்லை.

அன்புடன்