டாஷ்போர்டில் கத்தி வைக்காதீர்கள்

கேள்வி: அப்பா வாங்கிய 1975 மாடல் பிரீமியர் பத்மினியை இன்ஜின், பெயின்ட் எல்லாம் பார்த்து ஓட்டத்தில் வைத்திருக்கிறேன். டாஷ்போர்டில் அந்தக் காலத்து மீடியம் வேவ் ரேடியோ இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் இரைச்சல்தான் கேட்கிறது. போனிலிருந்து பாட்டு கேட்கிற மாதிரி செட் போட வேண்டும், வண்டியின் பழைய களையும் போகக் கூடாது. கடையில் கேட்டால் டாஷ்போர்டைக் கொஞ்சம் வெட்டினால்தான் முடியும் என்கிறார்கள். தை மாதம் மகள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான். என்ன செய்வது?
— வாசகர், குடியாத்தம்

பதில்: வெட்ட விடாதீர்கள். கடைக்காரர் ஏன் வெட்டச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண செட்டின் முகம் சுமார் 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். உங்கள் ரேடியோவோ இரண்டு பக்கமும் திருகு, நடுவில் டயல் என்ற பழைய அமைப்பு. அந்த ஓட்டையில் இது நுழையாது. 90-களில் வேலூரில் நானே கேசட் செட்டுக்காக எத்தனையோ வண்டிகளை அப்படி அறுத்திருக்கிறேன். அந்த வண்டிக்காரர்களில் சிலர் இப்போது வந்து, "பழைய டாஷ்போர்டு புதுப்பேட்டையில் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை.

வெட்டாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, அசல் உருவம் கெடாத கார், பைக்குகளை 'விண்டேஜ்' என்று தனி எண் வரிசையில் பதியலாம். பாட்டு செட்டுக்காக யாரும் விண்ணப்பத்தைத் தள்ளிவிட மாட்டார்கள் என்றாலும், அசல் வண்டி என்று காட்ட நினைக்கிறவர் டாஷ்போர்டில் ஓட்டையோடு போய் நிற்கலாமா?

முதலில் அந்த ரேடியோ. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியதே 1977-இல்தான். உங்கள் வண்டி அதற்கும் மூத்தது, ஆகவே டயலில் எஃப்.எம். இல்லாதது அதன் குற்றமில்லை. உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டுப் புது போர்டு வைத்துத் தருகிறவர்கள் உண்டு. செத்துப்போன ரேடியோ என்றால் செய்யலாம், ஓடுகிற ரேடியோவைக் குடைய எனக்கு மனசு வராது. பழைய முகத்தோடு புதிதாகச் செய்யப்படும் இரண்டு திருகு செட்டுகளும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. நன்றாகவே இருக்கும், விலைதான் கையைக் கடிக்கும். திருகுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளக்காமல் வாங்கினால் பணம் வீண்.

நான் சொல்வது இதுதான்: ரேடியோ இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பாட்டு வேறு இடத்திலிருந்து வரட்டும். புளூடூத் உள்ள, கரண்ட்டைக் குறைவாகத் தின்னும் சின்ன 'கிளாஸ்-டி' ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்றை முன்சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். உள்ளங்கை இரண்டைச் சேர்த்துவைத்த அளவுதான் இருக்கும். ரேடியோவின் ஆன்-ஆஃப் சுவிட்சிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் எடுத்து ஒரு ரிலேக்கு (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) கொடுத்து, அதன் வழியாக ஆம்புக்குக் கரண்ட் போகட்டும். அப்பா திருகிய அதே திருகை நீங்கள் 'டக்'கென்று திருப்பினால் டயல் விளக்கு எரியும், பாட்டும் வரும். புதிதாக வருகிறவருக்கு அந்த ரேடியோதான் பாடுகிறது என்று தோன்றும். என் வேலையில் எனக்குப் பிடித்த இடம் இது.

இனி யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன்: இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரித்துத் தரும் டைனமோ. உங்கள் வண்டியில் பின்னாளில் வந்த ஆல்டர்னேட்டரை மாற்றிப் போடாமல், டைனமோவும் அதன் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியும் அப்படியே இருந்தால், செட்டின் அளவை முடிவு செய்வது உங்கள் ஆசையல்ல, அந்த டைனமோதான். அந்தக் கால டைனமோ நல்ல வேகத்தில் கொடுப்பதே 20 ஆம்பியரை ஒட்டித்தான். ஹெட்லைட் இரண்டும் ஏழெட்டு ஆம்பியர், பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயில் மூன்று நான்கு, பின்விளக்கும் மீட்டர் விளக்கும் இரண்டு என்று போனால் மீதி எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது அதுவும் கிடையாது. சிவப்பு சார்ஜ் விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்களே, அப்போது எல்லாச் செலவும் பேட்டரி தலையில்தான்.

வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். வண்டி அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் 14-ஐ நெருங்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டதும் 13-க்குக் கீழே இறங்கினால் முதல் செலவு டைனமோ பிரஷ்ஷுக்கு, செட்டுக்கு அல்ல.

அட்டைப்பெட்டியில் '50 வாட் x 4' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். 12 வோல்ட்டில் ஓடும் சாதாரண செட் ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையில் தருவது 15-லிருந்து 20 வாட். பத்மினிக்குள் அதுவே தாராளம். சத்தம் போதவில்லை என்று தோன்றினால் ஆம்பைப் பெரிதாக்குவதற்கு முன் கதவு பீடிங்கை மாற்றுங்கள், கார்ப்பெட்டுக்கு அடியில் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டுங்கள். நெடுஞ்சாலையில் ஆம்பூர் பக்கம் போகும்போது பாட்டைத் தின்பது காற்றும் தகரச் சத்தமும்தான். ஆனால் வேலூர் வெயிலை நினைத்துப் பசையை வாங்குங்கள். 'வெயிலூர்' என்று சும்மாவா சொல்கிறார்கள்? மலிவான டபுள் டேப் சித்திரை முடிவதற்குள் உரிந்துவிடும்.

ஸ்பீக்கருக்காகக் கதவை ஓட்டை போட வேண்டாம். பின்சீட்டுக்கு மேலே இருக்கும் பலகையை எடுத்து அதே வடிவத்தில் மரைன் பிளைவுட்டில் ஒன்று அறுத்து, அதில் ஆறு அங்குல ஸ்பீக்கர் இரண்டை அடியிலிருந்து மாட்டுங்கள். டிக்கி முழுவதும் அதற்குப் பெட்டியாகிவிடும், பேஸ் தானாக வரும். பழைய பலகையை வீட்டுப் பரணில் பத்திரப்படுத்துங்கள். மேலே போர்த்த, ஒலி ஊடுருவும் துணி எடுங்கள். சீட்டோடு ஒத்துப்போக வேண்டுமென்றால் ஓரத்துக்கு மட்டும் தோல் வைக்கலாம். தோலுக்கு நம் பக்கத்தில் பஞ்சமா? பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ துண்டுத் தோலைக் கொடுத்து நிறம் பொருத்திக்கொள்ளலாம். முன்பக்கம் நான்கு அங்குலத்தில் இரண்டு, கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில் சின்னப் பெட்டியாக நிற்கட்டும். பாடகர் குரல் முன்னாலிருந்து வந்தால்தான் அழகு.

ஒரு எச்சரிக்கை, நான் பணம் கட்டிக் கற்றுக்கொண்டது. பழைய ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனை வண்டியின் பாடியோடு சேர்ந்து 'எர்த்' ஆகியிருக்கும். புது ஆம்பில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் வோல்டேஜ் உண்டு, இரண்டில் எதுவும் பாடியைத் தொடக் கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அம்பாசிடரில் பழைய ஸ்பீக்கர் ஒயரையே பயன்படுத்தினேன். இரண்டு நிமிடத்தில் புகை. புது ஆம்ப் என் கைக்காசில் போனது. எனவே ஸ்பீக்கர்களுக்குப் புது ஒயர்தான். அம்பாசிடர் என்றதும் நினைவுக்கு வருகிறது: அதன் தாய்வண்டியான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியில். மிகப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டரியின் எந்த முனை பாடியில் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் மாட்ட வேண்டும்.

ஆம்புக்குப் பேட்டரியிலிருந்தே நேராக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் வரட்டும், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். ஐம்பது வருஷத்து ஒயரிங்கில் கூடுதல் சுமை ஏற்றாதீர்கள், மேலுறையைத் தொட்டாலே உதிரும். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரிந்த பிறகு போல்ட் போட வேண்டும்.

பிறகும் இரைச்சல் வந்தால் காதைக் கொடுங்கள். ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து 'டிக் டிக்' என்று வேகமெடுத்தால் அது இன்ஜினின் தீப்பொறிக்கான பாய்ன்ட், பிளக் சமாச்சாரம். ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும், பழைய ரேடியோவுக்கும் அதனால் நன்மை. விசில் மாதிரி ஏறி இறங்கினால் டைனமோ. அதன் பெரிய அவுட்புட் முனையில், இரைச்சலை வடிகட்ட ஒரு கன்டென்சர் வைக்க வேண்டும். சின்ன ஃபீல்டு முனையில் வைத்துவிடாதீர்கள், கட்-அவுட் கெட்டுவிடும்.

இப்போது கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு என்றால் ஒரு மணி நேரம் ஊர்ந்து போகும் வண்டி, ஹெட்லைட், மேலே சீரியல் லைட், உள்ளே பாட்டு. டைனமோ வண்டிக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. பாதி வழியில் பேட்டரி இறங்கி, வண்டி நின்று, மாப்பிள்ளையின் நண்பர்கள் தள்ள வேண்டிவரும். அன்றைக்கு மட்டும் ஆம்பை வண்டியிலிருந்து பிரித்துவிடுங்கள். யு.பி.எஸ்ஸில் போடும் 12 வோல்ட், 18 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றை முதல்நாளே வீட்டில் சார்ஜ் செய்து டிக்கியில் கட்டி, தனி ஃபியூஸோடு ஆம்புக்கு மட்டும் கொடுங்கள். பாட்டுக்குச் சராசரியாக இரண்டு ஆம்பியர்தான் போகும், நான்கைந்து மணி நேரம் கவலையில்லை. சீரியல் லைட்டுக்கு வாடகை ஜெனரேட்டர் வரும், அதன் ஒயரை உங்கள் வண்டியில் எங்கேயும் சொருக விடாதீர்கள்.